அண்ணன் இருந்த அறை

சென்ற மாதம் எங்கள் குடும்ப நண்பரின் மகள் மதுரா தன் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். மொன்றியலுக்குப் பக்கத்தில் லவாலில் பிறந்து வளர்ந்த பிள்ளை. வடக்கே ஒரு மணித்தியாலத் தூரத்தில் ஒரு சின்ன ஊரில் சட்டத்தரணியாக இருக்கிறாள். வேலிச் சண்டை, விவாகரத்து, குடித்துவிட்டுக் கார் ஓட்டியவர்கள் என்று அவளுடைய நாள் ஓடுகிறது. அந்த ஊர் நீதிமன்றத்தில் அரச சட்டத்தரணி பதவி ஒன்று காலியாகியிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக அரசின் பக்கம் நின்று வழக்கை நடத்துகிற வேலை அது. இருபத்திரண்டு வருடம் நான் மொன்றியலில் பார்த்து ஓய்வு பெற்ற வேலை.

"அங்கிள், ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. பிழை இருந்தா ஒளிக்காமச் சொல்லுங்கோ" என்றாள்.

அவளுடைய பிரெஞ்சு என்னுடையதைவிட ஆயிரம் மடங்கு நன்று. குறை பிடிக்க ஒன்றும் இல்லையே என்று எரிச்சல்கூட வந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வசனம் இருந்தது: 'நான் தமிழ் பேசுவதால், எங்கள் சமூகத்தில் பாதிக்கப்பட்ட பெண்கள் என்னிடம் மனம் திறந்து பேசுவார்கள்.' பேனையை எடுத்து அதைக் குறுக்கே வெட்டினேன்.

"ஏன் அங்கிள்? அதுதானே என்ட பலமே?"

அன்றைக்குத் தேத்தண்ணியைக் கொடுத்து ஏதோ சமாளித்து அனுப்பிவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. எழுத்தில் சொல்கிறேன்.

நானும் ஒரு சின்ன ஊர்ச் சட்டத்தரணிதான். முதலில் சாவகச்சேரியில் ஆறு வருடம். பிறகு நாட்டை விட்டுக் கனடாவுக்கு ஓடி வந்து, சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டி அடுக்குகிற களஞ்சியத்தில் வேலை, பின்னேரம் பிரெஞ்சு வகுப்பு, பிறகு பல்கலைக்கழகம், பிறகு சட்டத்தரணிகள் பரீட்சை. இரண்டு தரம் கோட்டை விட்டு மூன்றாம் தரம் தேறினேன். எழுத இரண்டு வரி போதும், வாழ ஒன்பது வருடம் பிடித்தது. மொன்றியலில் எவரும் என்னைச் சேர்க்கவில்லை. ஆற்றுக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில், முடிவெட்டுகிற கடைக்கு மேல்மாடியில் என் பெயர்ப் பலகையை மாட்டினேன்.

ஊரிலிருந்து ஒரு பழக்கத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தேன். சாவகச்சேரியில் புருசன் பெண்சாதியை அடித்த வழக்கு வந்தால் நீதவான் கோப்பைத் திறக்க முன்னமே, "பேசித் தீர்த்துக்கொண்டு வாருங்கள்" என்பார். வெளியில் வேப்பமரத்தடியில் பெண்ணின் தமையன், மாப்பிள்ளையின் மாமன், இரண்டு பக்கச் சட்டத்தரணிகள் எல்லோரும் கூடுவோம். பெண் ஒரு ஓரமாக நிற்பாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் இணக்கமாகிவிடும். கடைசியில் யாராவது அவளிடம், "சம்மதம்தானே பிள்ளை?" என்று கேட்போம். அவள் தலையாட்டுவாள். எத்தனை குடும்பத்தைச் சேர்த்து வைத்தேன் என்று நான் பெருமையடித்த காலமும் உண்டு. அதைக் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்திருந்தேன்.

அரச சட்டத்தரணி பதவிக்கு நான் விண்ணப்பித்தபோது எங்கள் ஆட்களுக்கு ஒரே புளுகமும் பெருமையும். எனக்குத் தெரிந்த பலசரக்குக் கடைக்காரர், "அண்ணை, எப்ப எலெக்சன்? கடைக் கண்ணாடியில உங்கட படத்தை ஒட்டுவம்" என்றார். எலெக்சன் அமெரிக்காவில்தான், இங்கே பரீட்சையும் நேர்முகமும் என்று விளக்கினேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப நாங்கள் என்னத்தைச் செய்யிறது?" என்றார் பாவம். வேலை கிடைத்த பிறகு அவருக்குச் செய்வதற்கு ஒன்று அகப்பட்டது. கார் நிறுத்தியதற்கு வந்த தண்டச் சீட்டுகளை ஒரு உறையில் போட்டு என் மனைவியிடம் கொடுத்துவிட்டார். அப்படியே திருப்பி அனுப்பினேன். ஆறு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் மதாம் ஜெர்வே. பிறகு பதினைந்து வருடம் எனக்கு மேலதிகாரியாக இருந்தார். ஒல்லியான, உயரமான பெண். நரைத்த முடியை ஆண்பிள்ளை போல் ஒட்ட வெட்டியிருப்பார். இரண்டு கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை, தெரியாது என்றேன். வேலை நிச்சயமாகக் கிடைக்காது என்று எண்ணி பஸ் ஏறினேன். பல காலம் கழித்து அவரே சொன்னார்: "அன்று வந்த பதினொரு பேரில் 'தெரியாது' என்று சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். அதற்காகத்தான் எடுத்தேன்."

அவருடைய முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காலை ஏழரைக்கு நாங்கள் அவருடைய அறைக்குப் போக வேண்டும். கோப்பை மூடி மேசையில் வைத்துவிட்டு, நின்றபடியே வழக்கைச் சொல்ல வேண்டும். அவர் ஒரு மாண்டரின் தோடம்பழத்தை ஆறுதலாக உரித்துக்கொண்டு கேட்பார். இடையில் பேசமாட்டார். முடிந்ததும் சின்னச் சின்னக் கேள்விகள் வரும். யார் பார்த்தது? யார் கேட்டது? அறையில் யார் இருந்தார்கள்? விளக்கு எரிந்ததா? கோப்பைத் திறந்து பார்க்கக் கை துடிக்கும். திறந்தால் அன்றைக்கே அந்த வழக்கு எங்கள் கையை விட்டுப் போய்விடும். என் பிரெஞ்சைப் பிறர் முன்னால் ஒருநாளும் திருத்தியதில்லை. நடைபாதையில் தனியாகக் கூப்பிட்டு, "மேத்ர், அந்தச் சொல் பெண்பால்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். மேத்ர் என்றால் சட்டத்தரணிக்கு இங்கே கொடுக்கிற மரியாதை. குரல் உயர்த்த அவருக்குத் தெரியாது. அதனாலேயே நாங்கள் நடுங்கினோம்.

வீட்டு வன்முறை வழக்குகளுக்கென்று அவர் ஒரு பக்கப் படிவம் ஒன்றை எங்கள் பிரிவில் வைத்திருந்தார். பாதிக்கப்பட்ட பெண் வழக்கு வேண்டாம் என்று சொன்னால், அதை நிரப்பாமல் ஒரு முடிவும் எடுக்கக்கூடாது. முதல் வரி: 'அவரைத் தனியாகச் சந்தித்தேன்.' அதற்குக் கீழே, இதற்கு முன் நடந்ததா, பயப்படுகிறாரா, வேண்டாம் என்று யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று வரிசையாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் சரி போட்டு அடியில் கையெழுத்து வைக்க வேண்டும். எங்களில் சிலருக்கு அது சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. எனக்கும்தான்.

நிரஞ்சனியின் கோப்பு ஒரு கார்த்திகை மாதம் என் மேசைக்கு வந்தது. முப்பத்தொரு வயது. சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டுகிற வேலை. புருசன் டோர்வலில் விமான நிலையத்தில் பயணப் பெட்டி ஏற்றி இறக்குகிறவன். மேல்மாடி வீடு. கீழ் வீட்டில் இருந்த ஹெயிட்டிக்காரப் பெண் சத்தம் கேட்டுப் பொலிசைக் கூப்பிட்டிருந்தாள். இடது கையில் விரல் அடையாளத்தோடு கன்றிய காயம், கழுத்தில் ஒரு கீறல், படங்கள் தெளிவாக இருந்தன. வழக்கை நடத்தப் போதுமான சாட்சியம் இருந்தது. வழக்கு விசாரணைக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் நிரஞ்சனியிடமிருந்து செய்தி வந்தது. வழக்கு வேண்டாமாம், சமாதானமாகிவிட்டதாம்.

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தன. வழக்கைத் தொடரலாம். அப்படியென்றால் அவன் வீட்டுக்கு வரக்கூடாது என்ற பிணை நிபந்தனை நீடிக்கும். இல்லாவிட்டால், அமைதி காப்பேன் என்று அவன் நீதிபதி முன் ஒரு வருட உறுதிமொழி கொடுக்க, குற்றச்சாட்டைக் கைவிடலாம். அப்படியென்றால் அன்றைக்கே அவன் வீட்டுக்குத் திரும்புவான். அந்தப் பெண் அந்த வீட்டில் பத்திரமாக இருப்பாளா என்பதுதான் கேள்வி. வேறு ஒரு கேள்வியும் இல்லை.

சந்திப்புக்கு நீதிமன்றத்தில் ஒரு சின்ன அறை. யன்னல் இல்லாதது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணையாக வருகிற பணியாளர் ஒருத்தி வாசலில் நின்றாள். மொழிபெயர்ப்பாளரும் வந்திருந்தார். "தேவையில்லை, நாங்கள் ஒரே மொழி பேசுகிறவர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று இரண்டு பேரையும் அனுப்பிவிட்டேன். பெருமைதான், வேறென்ன.

நிரஞ்சனி தனியாக வரவில்லை. அவளுடைய தமையன் கூட வந்தார். அவளைவிட இருபது வயது மூத்தவர். மன்னாரில் கணக்கு வாத்தியாராக இருந்தவராம். பழைய கோட்டு, அழுந்த வாரிய தலை, கையில் ஒரு கோப்புறை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நானும் எழுந்து நின்றேன். ஊரில் அப்படித்தான்.

"தம்பி, உங்களைப் போல எங்கட பிள்ளையள் இந்தக் கதிரையில இருக்கிறது எங்களுக்கெல்லாம் எவ்வளவு பெருமை" என்றார். "தாய் தகப்பன் இல்லாத பிள்ளை இவ. நான்தான் வளத்து, படிப்பிச்சு, கட்டிக் குடுத்தனான்."

வெளியில் நில்லுங்கோ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டே சொல். சொல்லவில்லை. மூத்த மனிதரை, வாத்தியாரை, பெற்றவர் இடத்தில் நிற்கிறவரை எப்படி வெளியே போகச் சொல்வது? அந்த எண்ணம்கூட எனக்கு முழுதாக வரவில்லை என்பதுதான் உண்மை. அவர் அந்த அறையில் ஒரு வேற்று ஆள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கதிரையை இழுத்து அவரை இருக்கச் சொன்னேன்.

"இதுக்கு முன்னம் இப்பிடி ஏதும் நடந்ததோ?" என்று கேட்டேன்.

"இல்லைத் தம்பி. இதுதான் முதல் தரம். அவருக்கு வேலையில பிரச்சினை, கொஞ்சம் குடிச்சும் இருந்தவர்" என்றார் தமையன்.

நிரஞ்சனி தலையாட்டினாள்.

"பயம் ஏதும் இருக்கோ?"

"என்ன பயம்? இப்ப ஆள் திருந்திட்டார். நாங்கள் எல்லாரும் இருக்கிறம்தானே."

"உங்களுக்குச் சம்மதம்தானே பிள்ளை?" என்று அவளைக் கேட்டேன்.

"ஓம்" என்றாள்.

அவளுடைய கைகள் மடியில் கிடந்தன. பெட்டி கட்டுகிற நாடா கீறிய கோடுகள் விரல்களில் இருந்தன. அவற்றைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. முகத்தைப் பார்த்ததாக நினைவில்லை. பத்து நிமிடத்தில் முடிந்தது. போகும்போது தமையன் என் கையை இரண்டு கையாலும் பிடித்து, "ஒரு குடும்பத்தைக் காப்பாத்தினீங்கள்" என்றார். என் மேசைக்குத் திரும்பிப் படிவத்தை நிரப்பினேன். 'அவரைத் தனியாகச் சந்தித்தேன்.' சரி போட்டேன். கை தயங்கவில்லை. பொய் எழுதுகிறேன் என்ற நினைப்பே இல்லாமல் எழுதிய பொய் அது.

மறுநாள் காலை மதாம் ஜெர்வேயிடம் நின்று சொன்னேன். அறையில் யார் இருந்தார்கள் என்று அவர் கேட்டது கணவன் அடித்த அறையைப் பற்றி. அதற்குச் சரியாகப் பதில் சொன்னேன். அவன் உறுதிமொழி கொடுத்தான், வீட்டுக்குப் போனான்.

மாசி மாதம், உறைமழை பெய்த ஒரு காலையில், அவன் அவளை வெளி மாடிப்படியின் உச்சியிலிருந்து தள்ளினான். எங்கள் பகுதி இரும்புப் படிகளில் அந்த நாட்களில் கைப்பிடியைப் பிடித்தாலும் வழுக்கும். இடுப்பெலும்பு உடைந்தது, வலது மணிக்கட்டு நொறுங்கியது, ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. இந்த முறையும் பொலிசைக் கூப்பிட்டது கீழ் வீட்டுப் பெண்தான்.

அப்போது எங்கள் பிரிவில் துணைத் தலைமைப் பதவி ஒன்று காலியாக இருந்தது. நானும் போட்டியில் இருந்தேன், கிடைக்கும் என்றே எல்லோரும் சொன்னார்கள். இப்படி ஒரு வழக்கு திரும்பி வந்தால் வேறு அலுவலகத்தில் இருந்து ஒருவர் பழைய கோப்பைப் பரிசோதிப்பது வழக்கம். பரிசோதித்தார். படிவம் முழுமையாக இருக்கிறது, நடைமுறை பின்பற்றப்பட்டது, சட்டத்தரணி மேல் குறையில்லை என்று கடிதம் வந்தது. அதை வாசித்தபோது எனக்கு வந்தது நிம்மதி. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிம்மதிதான்.

புதிய வழக்கு வேறு ஒரு சட்டத்தரணிக்குப் போனது. போக முன்னர் கோப்புக் கட்டுகள் என் மேசை வழியாக வந்தன. நிரஞ்சனி ஆசுப்பத்திரியில் பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலம் அதில் இருந்தது. தமிழில் சொன்னதை யாரோ பிரெஞ்சில் மாற்றியிருந்தார்கள். கார்த்திகையில் விழுந்த அடியே கலியாணத்துக்குப் பிறகு நாலாம் தரம். ஒருமுறை கேத்திலில் கொதித்த தண்ணீரைக் காலில் ஊற்றியிருக்கிறான். எல்லாம் தமையனுக்குத் தெரியும். தமையனின் மகளுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். வீட்டில் பொலிஸ் வழக்கு என்றால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள் என்று அவளிடம் அழுதிருக்கிறார். ஏழாம் பக்கத்தில் பொலிஸ்காரி கேட்டிருந்தாள்: அரச சட்டத்தரணியிடம் ஏன் இதைச் சொல்லவில்லை?

பதில் பிரெஞ்சில் மூன்று சிறிய வசனங்கள். 'அவர் என்னைக் கேட்கவில்லை. என் அண்ணனைப் பார்த்துக் கேட்டார். அண்ணன் பதில் சொன்னார்.'

என் சொந்தப் பாசையில் என் முன்னால் இருந்தவள் சொல்லாததை வேற்றுப் பாசையில் ஒரு தாளில் வாசித்தேன். அந்தப் பக்கத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. பரிசோதித்தவர் பார்த்தது படிவத்தை. புதிய சட்டத்தரணி பார்க்கப்போவது மாடிப்படியை. இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவன் என்னைத் தவிர ஒருவருமில்லை. குறையில்லை என்ற அந்தக் கடிதம் என் மேசை லாச்சியில் மூன்று நாள் கிடந்தது. மூன்று நாளும் நல்லாச் சாப்பிட்டேன், நித்திரையும் வந்தது. அதை நினைத்தால்தான் இன்றும் என் மேல் எனக்கு அருவருப்பு.

நாலாம் நாள் ஏழரைக்குப் போய் நின்றேன். மதாம் ஜெர்வே தோடம்பழத்தை எடுத்தார்.

"படிவத்தில் பொய் எழுதினேன்" என்றேன்.

பழத்தைக் கீழே வைத்தார். "அறையில் யார் இருந்தார்கள்?"

"நான், அவள், அவளுடைய அண்ணன்."

"அண்ணன் எங்கே இருந்தார்?"

"நான் கொடுத்த கதிரையில்."

மதாம் ஜெர்வே ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "எழுதுங்கள், மேத்ர். இங்கேயே."

எழுதினேன். அவர் வாசித்தார். பிரெஞ்சில் இரண்டு பிழை இருந்தது எனக்கே தெரிந்தது. அன்றைக்கு அவர் திருத்தவில்லை, அப்படியே கையெழுத்து வைக்கச் சொன்னார். நான் ஆறுதல் வார்த்தைக்குக் காத்திருந்தேன் போலும். "உங்களைத் தெரிவு செய்தவள் நான்" என்றார். "நானும் ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. நீங்கள் போகலாம்."

துணைத் தலைமைப் போட்டியிலிருந்து விலகினேன். என் பணிக் கோப்பில் கண்டனம் ஒன்று ஏறியது. வீட்டு வன்முறை வழக்குகள் என்னிடமிருந்து எடுக்கப்பட்டன. மிச்சமிருந்த ஏழு வருடமும் கார்த் திருட்டும் கடைத் திருட்டும் பார்த்தேன். எங்கள் ஆட்கள் சிலர், "வெள்ளையள் எங்கட ஆளை ஏற விடமாட்டாங்கள்" என்று எனக்காகப் பரிந்து பேசினார்கள். நான் அவர்களைத் திருத்தவில்லை. அதுவும் ஒரு பொய்தான்.

மதுரா, நீ இந்த வேலைக்குப் போ. நல்லாச் செய்வாய். ஆனால் பாசை தெரிந்தவனுக்கு இன்னொன்றும் தெரியும்: யாருக்கு எழும்பி நிற்க வேண்டும், யார் பேசும்போது யார் பேசக்கூடாது, எந்தக் கேள்வியை எப்படிக் கேட்டால் எந்தப் பதில் வரும் என்பதெல்லாம். பாசை தெரியாத ஒருத்தி அன்று அந்த அறையில் இருந்திருந்தால் தமையனை ஒரு நிமிடத்தில் வெளியே அனுப்பியிருப்பாள். தமிழ் தெரிந்ததால்தான் நான் அனுப்பவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை மதாம் ஜெர்வேயிடமும் சொன்னதில்லை.

நிரஞ்சனியின் புருசனுக்குச் சிறைத் தண்டனை தீர்ப்பான நாளில் நான் நீதிமன்ற நடைபாதையில் காத்து நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மாதக்கணக்காக வசனங்களை அடுக்கி வைத்திருந்தேன். நிரஞ்சனி ஊன்றுகோலோடு மெல்ல வந்தாள். பின்னால் அவளுடைய குளிர்ச் சட்டையைப் பிடித்துக்கொண்டு தமையன் வந்தார்.

"தம்பி, எப்பிடிச் சுகம்?" என்றார் அவர், ஒன்றும் நடக்காத மாதிரி.

"இவவோட ஒரு நிமிசம் கதைக்கலாமோ?" என்று கேட்டேன். அப்போதும் அவரைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"அதுக்கென்ன, கதையுங்கோ" என்று அவர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

நிரஞ்சனி திரும்பினாள். "அண்ணை, நீங்கள் போய் லிப்டடியில நில்லுங்கோ."

"ஏன் பிள்ளை, நானும்..."

"நில்லுங்கோ."

அவர் போனார். கோபப்படவில்லை. குளிர்ச் சட்டையோடு லிப்டடியில் போய் நின்றார்.

அவள் ஒற்றைக் கண்ணால் என்னை நேராகப் பார்த்தாள். "இப்ப கேளுங்கோ, சேர்" என்றாள்.

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்றேன்.

"அது கேள்வியில்லையே" என்றாள்.

நான் ஏதாவது கேட்பேனா என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு போனாள்.